பத்துக் கிலோவுக்குக் கீழே

முதலில் தப்பிப் போனவை எண்கள்.
சன்னலுக்கு வெளியே லோரிக்காரன்
எம்பாட் என்கிறான்,
நான் எனாம் என்று எழுதுகிறேன்.
நான்காம் பிளாக்கின் செம்பனைக் குலைகள்
ஆறாம் பிளாக்கில் காய்த்துவிட்டன.
தராசு மேடைக் கிராணியாக
இருபத்திரண்டு வருஷம்,
என் புத்தகத்தில் முதல் சிவப்பு மைக்கோடு.

வலக்கை எழுத வேண்டும் என்பதால்
போனை இடக்காதில் வைத்துப் பழகியவள்.
அக்கா பேசப் பேச
குரலை யாரோ ஈரத்துணியில் சுற்றினார்கள்.
லைன் சரியில்லை, லைன் சரியில்லை என்று
மூன்று தடவை வைத்துவிட்டேன்.
இன்னும் கோபம் ஆறவில்லை அவளுக்கு.

பஹாவ் கிளினிக்கில் அழுக்கு என்றார்கள்.
பிறகு சளி என்றார்கள்.
சொட்டு மருந்து பதினெட்டு வெள்ளி.
நான் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதைக் கண்ட
பக்கத்து வீட்டு ஜெயகௌரி
என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள்.
நாற்பத்தேழு வயதில்!

சிரம்பானில் குழாய்க்குள் படுக்கவைத்துத்
தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.
கேன்சர் இல்லை என்றார் டாக்டர்.
திரும்பவும் சொன்னார்.
மூன்றாம் முறை சொன்னபோதுதான்
வேறேதோ இருக்கிறது என்று புரிந்தது.
காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில்
பதினேழு மில்லிமீட்டர்.
ஓர் உதிரிப் பழத்தின் கொட்டை.
அதற்கு வைத்த பெயர்தான்
எங்கள் தோட்டத்துப் பெயர்ப்பலகையைவிட நீளம்.

வெட்டலாம், கதிர் பாய்ச்சலாம்,
இப்போதைக்குப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.
முகத்துக்குப் போகும் நரம்பு
அதன் பக்கத்திலேயே ஒட்டிப் படுத்திருக்கிறதாம்.
ஆறு மாதம் என்றார்.
எனாம். அதை மட்டும் சரியாகக் கேட்டேன்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
அந்தக் காதே ராவெல்லாம் சங்கு ஊதும் என்று
ஒருவரும் சொன்னதில்லை.
மில்லுக்கு ஞாயிறு விடுமுறை,
நீராவி அடங்கிவிடும்.
எனக்குள் மட்டும்
மூடி சரியாக மூடாத ஒரு கொதிகலன்.

ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
இரவுச் சந்தையில் யாரோ லீலா என்றார்கள்.
கருவாட்டுக் கடை, சட்டைக் கடை, பலாக்கொழுக்கட்டை என்று
முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.
நான் நின்ற பிறகும் சந்தை நிற்கவில்லை.
கைக்கு அகப்பட்டது டுரியான்.
உள்ளங்கையில் நான்கு புள்ளி ரத்தம்.
ஆறாகவும் இருக்கலாம்.
கூப்பிட்டது யாரென்று
இன்றுவரை தெரியாது.

இடக்கன்னம்
பல் பிடுங்கி வந்த மத்தியானம்போல.
கோப்பி உதட்டோரம் வழிந்தால் தெரிவதில்லை.
குணசீலன் துடைத்துவிட மாட்டார்,
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்.
பிள்ளைகள் முன்னால் எனக்கு
அதுதான் வேண்டியிருக்கிறது.

நேற்று கடைசி லோரி போனதும்
தராசு மேடையில் நானே ஏறி நின்றேன்.
திரையில் அறுபது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
கொட்டையும் பயமும் சேர்ந்து
பத்தைத் தொடவில்லை போலும்.
இறங்குவதற்குள் இருட்டிவிட்டது.
இருட்டினால் கால்கள் எனக்குச் சொந்தமில்லை.
டார்ச்சோடு வந்த கக் ரோஹானி
எதுவும் கேட்காமல்
என் வலப்பக்கமாக நடந்தாள்.
காலையில் என் மேசையைச்
சன்னலுக்கு மறுபுறம் நகர்த்திவைத்ததும்
அவளாகத்தான் இருக்கும்.

கட்டிலில் குணசீலனுக்கு என் இடப்பக்கம்,
கல்யாணமான நாளிலிருந்து.
இருட்டில் அவர் பேசியதெல்லாம்
சில மாதமாக எங்கே போய்ச் சேர்ந்ததோ.
விளக்கைப் போட்டு, என்ன சொன்னீங்க என்றேன்.
ஒன்றுமில்லை என்று
எழுந்து, தலையணையை இடுக்கிக்கொண்டு,
கட்டிலைச் சுற்றி வந்து
தள்ளிப் படு என்றார்.

இருபது வருஷத்து அவர் பள்ளத்தில்
இப்போது நான் கிடக்கிறேன்.
மெத்தை சாய்கிறதா, நான் சாய்கிறேனா, தெரியவில்லை.
புதுப்பக்கத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.
உரக் கூப்பன், மூத்தவனின் பீஸ்,
கூரையில் ஒழுகும் அந்த ஆணி என்று
என்னென்னவோ பேசிக்கொண்டிருக்கிறார்,
சங்குக்கு மேலே,
கொஞ்சம் சத்தமாக.